அப்பா என்னும் சொல் யாருடையது?

மறையுரைகளிலும் தியான உரைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படும் செய்தி ஒன்று உண்டு. இயேசு பெருமான் தம் தாய்மொழியாகிய அரமேயத்தில் இறைவனை 'அப்பா' என்று அழைத்தார்; நாமும் நம்மைப் பெற்றவரை 'அப்பா' என்றே அழைக்கிறோம்; ஆகவே... என்று உரையாளர் சற்றே நிறுத்துவார். அந்த 'ஆகவே'க்குப் பின் வருவது ஆளுக்கு ஆள் மாறும். சிலர் இதனை இனியதொரு தற்செயல் என்று புன்னகையோடு விட்டுவிடுவர். சிலர் அரமேயமும் தமிழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பர். இன்னும் சிலர் ஆண்டவர் தமிழிலேயே மன்றாடினார் என்று முடித்துவிடுவர். கேட்டிருக்கும் மக்களின் முகம் மலரும். அந்த மலர்ச்சியை நாம் எளிதாக எண்ணவில்லை. பல தலைமுறைகளாக இலத்தீனில் திருப்பலி கண்டு, பொருள் விளங்காமலே முழந்தாளிட்ட மக்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் நாவில் உள்ள சொல் ஒன்று மீட்பரின் நாவிலும் இருந்தது என்று அறியும்போது நெஞ்சம் நெகிழாமல் எப்படி இருக்கும்?

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இரண்டு மொழிகளில் ஒரு சொல் ஒத்திருந்தால் அவ்வொற்றுமை எதை மெய்ப்பிக்கிறது? இது மொழி நூலாருக்கு மட்டும் உரிய வினா அன்று. பீடத்தருகே நின்று பேசுகிறவர் சொல்வது உண்மையாயிருக்கும் என்று மக்கள் நம்பிக் கேட்கின்றனர். அவர்களுள் ஆய்ந்து பார்க்க வாய்ப்புள்ளோர் சிலரே. அத்தகைய இடத்தில் இனிமையை முன்னிட்டு உறுதியற்ற ஒன்றை உறுதியானதுபோல் சொல்வது அறமாகுமா என்பதும் அவ்வினாவுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றே: அப்பா. ஆனால் அரமேயச் சொல்லில் நடுவே ஒலிப்பது வல்லோசைப் பகரம் அன்று. 'பம்பரம்' என்னும் சொல்லின் நடுவே மகரத்தை அடுத்து மெலிந்து வரும் பகரம் இரட்டித்தது போன்ற ஒலி. தமிழ் எழுத்து இவ்விரண்டு ஒலிக்கும் ஒரே வடிவத்தைத் தந்திருப்பதால், ஓரளவு ஒத்திருப்பவை நம் கண்ணுக்கு முழுதும் ஒன்றாகிவிடுகின்றன. விவிலியத்தைத் தமிழில் வாசிக்கும் ஒருவருக்கு இவ்வேறுபாடு தெரிய வழியே இல்லை. சிறிய வேறுபாடுதான், எனினும் நாம் காண்பவற்றுள் எவ்வளவு நம் எழுத்து நமக்குக் காட்டுவது என்பதை நினைவூட்டப் போதுமானது.

இனி, மொழிகள் உறவுடையன என்று அறிஞர் எவ்வாறு அறிந்தனர்? 1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று உரைத்தார். 1816இல் சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் கிளைகள் அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று எடுத்துக்காட்டினார். 1856இல் இடையன்குடியின் கால்டுவெல் அதனை விரிவான ஒப்பிலக்கணமாக வகுத்தார். இந்நெறியில் வந்தவர்கள் ஒற்றுமையைக் காட்டிலும் ஒழுங்கான வேற்றுமையையே பெரிதாக நம்பினர். நாம் 'பால்' என்பதைக் கன்னடர் 'ஹாலு' என்பர். 'பல்' அங்கே 'ஹல்லு'. 'புலி' அங்கே 'ஹுலி'. ஒரே இடத்தில் ஒரே மாற்றம் மீண்டும் மீண்டும் வருகிறது. உடன்பிறந்தாரை அடையாளம் காட்டுவது இந்த ஒழுங்கே. இலத்தீனின் 'பாத்தெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்' ஆனதும், இலத்தீனில் மீனைக் குறிக்கும் 'பிஸ்கிஸ்' ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' ஆனதும் அவ்வகையே.

ஒழுங்கின்றித் தனித்து நிற்கும் ஒற்றுமைக்கு எவ்வளவு மதிப்பு? பாரசீகத்தில் 'பத்' என்றால் தீயது. ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் தீயது. ஒரே இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மொழிகளே. ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மொழிகளுள் ஒன்றாகிய பபாரத்தில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயரிடமிருந்து கடன் பெற்றதாக்கும் என்றே எவரும் நினைப்பர். அம்மொழியை ஆராய்ந்த டிக்சன் என்னும் அறிஞர், 'குடக' என்னும் பழைய சொல் தேய்ந்து தேய்ந்து அவ்வடிவம் பெற்றது என்று விளக்கினார். உலகில் மொழிகள் பல்லாயிரம். மனிதர் வாயில் எழக்கூடிய ஒலிகளோ சில. எங்கேனும் இவ்வாறு நிகழாதிருந்தால்தான் வியப்பு.

நம் குருக்களிலேயே ஒருவர் இத்துறையில் வாழ்நாளைச் செலவிட்டார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947), அமலமரித் தியாகிகள் சபையினர், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை எழுதத் தொடங்கி, தமிழ் வேர்களை ஐரோப்பிய மொழிகளோடும் ஒப்பிட்டார். அவ்வுழைப்பு நம் வணக்கத்துக்குரியது. முடிபுகள் வேறு, அவற்றைப் பின்வந்த ஆய்வு பெரிதும் ஏற்கவில்லை. மதிக்கத்தக்க ஒருவர் சொன்னார் என்பதனால் ஒன்று உண்மையாகிவிடாது என்று இறையியல் வகுப்பில் நமக்குக் கற்பித்தது மொழி நூலுக்கும் பொருந்தும்.

'அப்பா' என்பதோ இவ்வாறு தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதும் அன்று. ஒத்திருப்பவை இரண்டு மொழிகள் மட்டுமாயின் தள்ளலாம். துருக்கியில் தந்தை 'பாபா'. சீனத்திலும் 'பாபா'. ஆப்பிரிக்காவின் சுவாகிலியிலும் 'பாபா'. நாலாம் நூற்றாண்டில் கோத்தியர் மொழியில் பெயர்க்கப்பட்ட விவிலியத்தில் இறைவன் 'அத்தா' என்று அழைக்கப்படுகிறார். நம் நாட்டுத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் பிள்ளைகள் தந்தையை 'அத்தா' என்றே அழைக்கின்றனர். சிவனடியார்கள் தம் இறைவனை 'அத்தன்' என்றனர். கோத்தியர் எங்கே, இவர்கள் எங்கே? தாயைக் குறிக்கும் சொல்லும் அவ்வாறே. எபிரேயத்தில் 'இம்மா', சீனத்திலும் சுவாகிலியிலும் 'மாமா', நம்மிடம் 'அம்மா'. எல்லா மொழிக்கும் உறவு கற்பிப்பதானால், உறவு என்னும் சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகும்.

அமெரிக்க மானிடவியலார் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலகெங்கும் உள்ள சமுதாயங்களிலிருந்து தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்களைத் திரட்டினார். மொத்தம் 1,072, அவற்றுள் தாய்க்குரியன 531, தந்தைக்குரியன 541. தாயைக் குறிக்கும் சொற்களுள் நூற்றுக்கு 55 மகரம், நகரம் முதலிய மூக்கொலிகளால் அமைந்தவை. தந்தையைக் குறிப்பவற்றுள் அவ்வாறு அமைந்தவை நூற்றுக்கு 15 மட்டுமே. தற்செயல் இவ்வளவு ஒருபுறமாகச் சாயாது.

இதற்குக் காரணம் சொன்னவர் மாஸ்கோவில் 1896இல் பிறந்த ரோமன் யாக்கப்சன். 1960இல் வெளிவந்த சிறு கட்டுரை ஒன்றில் அவர் நம் கவனத்தைத் தாயின் மடிக்குத் திருப்பினார். குழந்தையின் உதடுகள் பாலுண்ணும்போது மூடியிருக்கின்றன. அப்போது அது எழுப்பக்கூடிய ஒலி மூக்கின் வழியே வருவது மட்டுமே. பின்னர்ப் பாலைக் கண்டாலும், பால் வேண்டும் என்றாலும், பாலைத் தருபவர் அருகில் இல்லை என்றாலும் அதே முனகலை அது எழுப்புகிறது. மூடிய உதடு திறந்தால் மகரத்துக்குப் பின் அகரம். அது 'மா'. மூக்கின் வழி அடைபட்டு உதடு வெடித்துத் திறந்தால் 'பா'. வாய் முழுதும் மூடுவது ஒரு கோடி, முழுதும் திறப்பது மறு கோடி. பல்லும் முளையாத குழந்தைக்கு இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதைவிட எளிய வேலை வேறில்லை. அம்மா, அப்பா என்னும் சொற்கள் மனித வாயின் அமைப்பிலிருந்தே முளைத்தெழுகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சொற்கள் ஆதிமனிதனிடமிருந்து வழிவழியாக நமக்கு வந்து சேர்ந்தவை என்று கருதுவோர் சிலர் இன்றும் உள்ளனர். ஆனால் வழிவழி வந்த சொல் தேயும். 'பால்' ஹாலுவானது போல, 'பாத்தெர்' ஃபாதர் ஆனது போல, உருமாறும். ஜப்பானியத்தில் தாய்க்கு வழங்கும் 'ஹஹ' என்பது பழங்காலத்தில் 'பப' என்றிருந்தது என்பர் அறிஞர். கன்னடத்தில் போலவே அங்கும் பகரம் ஹகரமாயிற்று. உண்மையிலேயே பல்லாயிரம் ஆண்டு பழமையுடைய சொல், பழமையினாலேயே அடையாளம் தெரியாமற் போயிருக்கும். 'அப்பா'வும் 'அம்மா'வும் இவ்வளவு பளிச்சென்று ஒத்திருப்பதற்குக் காரணம் அவை ஒவ்வொரு தொட்டிலிலும் புதிதாகப் பிறப்பதே. இன்று காலை எங்கோ ஒரு குழந்தை அச்சொல்லை முதன்முதலாகச் செய்திருக்கும். உலகின் மிகப் பழைய சொல்போல் தோன்றுவது உண்மையில் மிகப் புதிய சொல்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயற்கையா, வழக்கா என்னும் வினா பிளேட்டோ காலத்திலேயே எழுந்தது. தொல்காப்பியரும் சொற்பொருளின் காரணம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை என்று உரியியலில் உரைத்துச் சென்றார். சொசூர் என்னும் மொழியறிஞரின் மறைவுக்குப் பின் 1916இல் வெளிவந்த அவரது விரிவுரைகள், அத்தொடர்பு வழக்கினால் மட்டுமே அமைவது என்று வரையறுத்தன. அவ்வாறாயின் 'அம்மா'வும் 'அப்பா'வும் அவ்விதியை மீறி நிற்கின்றனவா? முழுதும் மீறவில்லை என்பதற்கு ஜார்ஜிய மொழி சான்று. கருங்கடலின் கிழக்கே உள்ள அந்நாட்டில் 'மாமா' என்றால் தந்தை. தாய்க்குப் பெயர் 'தேதா'. நம் மொழியிலும் 'மாமா' தாயைக் குறிக்கவில்லை. தாயுடன் பிறந்தானைக் குறிக்கிறது. இலத்தீனிலும் கிரேக்கத்திலும் தந்தையைக் குறித்து, திருத்தந்தையின் பட்டமாகவே உயர்ந்துவிட்ட 'பாப்பா' நம் வீட்டில் தொட்டிலில் கிடக்கிறது! ஒலியைத் தருவது குழந்தையின் வாய். அவ்வொலி யாரைக் குறிக்கும் என்பதை அது தீர்மானிக்கவில்லை.

அப்படியானால் தீர்மானிப்பவர் யார்? நம் சிந்தனைக்குரிய இடம் இதுவே. குழந்தை எதனையும் குறிக்காமல் உதட்டைத் தட்டி விளையாடுகிறது. 'பா, பா' என்கிறது. அருகில் நிற்பவர், "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று பரபரத்து ஓடி வருகிறார். அள்ளி எடுக்கிறார். மறுநாளும் அவ்வாறே. சில நாள்களில் குழந்தைக்கு ஒன்று தெரிகிறது: இவ்வொலியை எழுப்பினால் இன்னார் வருகிறார். ஆங்கிலேய நாட்டில் பணியாற்றிய லாரி டிராஸ்க் என்னும் மொழியியலாரும் இதனையே வற்புறுத்தினார். தங்களைக் கூப்பிட வேண்டும் என்று ஏங்கும் பெற்றோரே அந்த உளறலைச் சொல்லாக்கிவிடுகின்றனர். காது கேளாத குழந்தைகள், சைகைமொழி வழங்கும் வீட்டில் வளர்ந்தால், கைகளாலேயே மழலை பேசுகின்றன என்று 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அங்கும் கண்டுகொள்ளும் கண் ஒன்று வேண்டியிருக்கிறது.

புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கையை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் முதற்பகுதியில், தாம் பேசக் கற்ற விதத்தை விவரிக்கிறார். பெரியவர்கள் ஒரு பொருளைப் பெயரிட்டு அதன் பக்கம் திரும்புவதைக் கண்டு, அப்பெயர் அப்பொருளுக்குரியது என்று அறிந்துகொண்டாராம். 1953இல் வெளிவந்த விட்கென்ஸ்டைனின் மெய்யியல் நூல் அப்பகுதியோடுதான் தொடங்குகிறது. தொடங்கி அதனை மறுக்கிறது. அகுஸ்தீனாரின் குழந்தை ஏற்கெனவே ஏதோ ஒரு மொழி தெரிந்த அயல்நாட்டான் போல் நடந்துகொள்கிறது என்பது விட்கென்ஸ்டைனின் குறை. குறை நியாயமானதே. அகுஸ்தீனாரின் சித்திரத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுகின்றனர், குழந்தை உற்றுக் கேட்கிறது. நாம் மேலே கண்டதோ தலைகீழ்: குழந்தை பேசவே இல்லை, பெரியவர் கேட்டுவிட்டார். கேட்டவரின் பதிலிலிருந்து சொல் பிறக்கிறது.

யூதர்களின் பாபிலோனியத் தால்முதில், கோதுமையின் சுவையை அறியும்வரை குழந்தைக்கு 'அப்பா', 'இம்மா' என்று அழைக்கத் தெரியாது என்னும் கருத்து உள்ளது. பசியையும் சொல்லையும் ஒருசேர வைத்துப் பார்த்த அந்த ஆசிரியர்கள் யாக்கப்சனுக்கு நெடுங்காலம் முந்தியவர்கள். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துச் சோறூட்டியவர்களாய் இருந்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்போது நற்செய்திக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் 'அப்பா' என்னும் அரமேயச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது: மாற்கு 14:36, உரோமையர் 8:15, கலாத்தியர் 4:6. மூன்றிலும் அதனையடுத்துத் தந்தை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் வருகிறது. செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் இச்சொல்லின் வேர் குழந்தை மொழியில் உள்ளது என்று எழுதினார். அதைப் பற்றிக்கொண்டு, ஆண்டவர் மழலை பேசினார் என்று பலர் உரைத்தனர். எரேமியாசே அவ்வளவு தூரம் செல்வது பேதைமை என்று பின்னர்த் திருத்தினார். 1988இல் ஜேம்ஸ் பார், வளர்ந்த ஆண்களும் பெண்களும் தம் தந்தையரை அழைக்க வழங்கிய சொல் அது என்று விரிவாகக் காட்டினார். தமிழருக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. அறுபது வயது மகன் தொண்ணூறு வயதுத் தந்தையை 'அப்பா' என்றுதானே அழைக்கிறான்? தொட்டிலில் கிடைத்த சொல்லை நாம் தொட்டிலோடு விட்டுவிடுவதில்லை.

'தந்தை' என்பதோ வேறு வகைச் சொல். பழந்தமிழில் என் தந்தை 'எந்தை', உன் தந்தை 'நுந்தை', அவர் தந்தையே 'தந்தை'. யாருடைய தந்தை என்று கணக்கு வைத்திருக்கும் சொல் அது. 'அப்பா'வில் அக்கணக்கு இல்லை, கூப்பிடுவதற்கென்றே பிறந்தது. கெத்சமனியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அங்கே நிகழ்ந்தது என்ன? பதிலிலிருந்து பொருள் பெறும் சொல் என்று கண்டோம். மாற்கு எழுதிய நற்செய்தியில் அந்த அழைப்புக்குப் பதில் இல்லை. லூக்கா ஒரு வானதூதரைக் குறிப்பிடுகிறார். மாற்கு எவரையும் குறிப்பிடவில்லை. வானத்திலிருந்து குரல் வரவில்லை, கிண்ணம் அகலவில்லை, சீடர் உறங்குகின்றனர். ஆண்டவர் அழைத்துவிட்டு எழுந்து சென்று அவர்களைப் பார்க்கிறார், மீண்டும் வந்து அதே வார்த்தைகளைச் சொல்லி மன்றாடுகிறார். அரமேயமும் தமிழும் உறவா என்று இவ்விடத்தில் நின்று ஆராய்வது, இறந்தவர் வீட்டுக்குச் சென்று சுவரின் வண்ணத்தைப் புகழ்வது போலாகும். எந்த மொழியில் அழைத்தாரோ அம்மொழியில் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

நம் முன்னோர் இச்சொல்லை வேறொரு வழியில் தமதாக்கிக்கொண்டனர். அருளப்பர், இராயப்பர், சின்னப்பர், யாகப்பர், சூசையப்பர் என்று பழைய செபப் புத்தகங்களில் வரும் திருப்பெயர்களைப் பாருங்கள். கலிலேயாவின் மீன்பிடிப்போரும் தச்சரும் அரமேயத்தாரோடு மொழியுறவு உண்டா என்று கேளாத தமிழரின் வீட்டில் அப்பராயினர். திருநாவுக்கரசரைச் சிறுவராகிய ஞானசம்பந்தர் 'அப்பர்' என்று அழைத்தார் என்றும், அதுவே அவருக்குப் பெயராய் நிலைத்தது என்றும் சைவ மரபு கூறும். சிறுவர் வாயிலிருந்து வந்த அழைப்பை முதியவர் ஏற்றுக்கொண்டார். அவ்வளவே நிகழ்ந்தது, அதுவே போதுமானதாயிற்று. நம் பங்குகளில் குருவை மக்கள் 'ஃபாதர்' என்று அழைப்பதையும் இங்கே சொல்லலாம். மண்ணில் எவரையும் தந்தை என அழைக்க வேண்டாம் என்று மத்தேயு 23:9இல் ஆண்டவர் சொல்லியிருக்க, பிள்ளைகள் இல்லாத நம்மை அழைக்கிறார்கள். நள்ளிரவில் நோயாளியின் வீட்டிலிருந்து வந்து அவ்வாறு கூப்பிட்டால் எழுந்து செல்ல வேண்டியிருக்கிறது. எழாவிட்டால் அச்சொல் அங்கே வெறும் ஒலிதான்.

எழாத தந்தையர் உண்டு. ஒரு பங்கில் அன்பியக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்த இளம்பெண் ஒருவர், ஆண்டவர் கற்பித்த செபம் தொடங்கும்போது உதட்டை மூடிக்கொண்டிருப்பார். அன்றன்றைய உணவைக் கேட்கும் இடம் வந்ததும் குரல் சேரும். பல மாதங்களுக்குப் பின் தாமாகவே காரணம் சொன்னார். அவர் வீட்டில் அச்சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் கட்டிலின் கீழே ஒளிந்துகொள்வார்களாம். குடித்துவிட்டு வருபவரின் காலடியோசைக்கு அதுதான் பெயராய் இருந்தது. "எல்லாரும் அந்த வார்த்தையில ஆறுதல் இருக்குன்னு சொல்றீங்க சாமி, எனக்கு வயித்தைப் பிசையுது" என்றார். இறையன்பு தந்தையன்பு போன்றது என்று அவரிடம் சொல்வதால் பயன் என்ன? அவ்வுவமை அவரிடம் செல்லாது. தந்தையரின் நடத்தையால் சொல்லின் பொருள் அமைகிறதாயின், அவர் அறிந்த பொருள் அவரளவில் உண்மையானதே. அதனை நம் சொல்லாட்சியால் அழித்துவிட இயலாது. உணவு கேட்கும் இடத்திலிருந்து மட்டும் சொன்னால் போதும் என்றோம். பசியிலிருந்து பிறந்த சொற்களின் கூட்டத்தில் அது குறைவான செபம் என்று நாம் கருதவில்லை. உரோமையர் 8ஆம் அதிகாரத்தில் 'அப்பா' என்னும் அழைப்புக்குச் சில வசனங்கள் தள்ளி, சொல்லாக வடிவம் பெறாத பெருமூச்சுகளைப் பற்றியும் பவுல் எழுதியிருக்கிறார். அவ்வசனம் மறையுரைகளில் 'அப்பா' அளவுக்கு எடுத்தாளப்படுவதில்லை.

தால்முதில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. வட்டம் வரைந்து அதனுள் நின்று மழை கேட்டவர் என்று புகழ்பெற்ற ஓனியின் மகள் வயிற்றுப் பேரர் அனான் என்பவர். கூச்சத்தால் மக்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழ்ந்தவர். மழை பொய்த்தபோது ஆசிரியர்கள் பள்ளிச் சிறுவரை அவரிடம் அனுப்பினர். சிறுவர்கள் அவர் மேலாடையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, அப்பா, அப்பா, மழை தாருங்கள் என்று கெஞ்சினர். அனான் வானத்தை நோக்கி, மழை தரவல்ல அப்பா யார், தரவியலாத அப்பா யார் என்று பிரித்தறியத் தெரியாத இச்சிறுவர்களின் பொருட்டாவது செய்தருளும் என்று வேண்டினாராம்.

அனானுக்குத் தம்மை அழைத்த சொல் தமக்குரியது அன்று என்று தெரிந்திருந்தது. அதற்காகச் சிறுவரைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. ஆடையை உதறவும் இல்லை.

மறையுரையாளர் 'அப்பா'வைப் பற்றித் தாராளமாகப் பேசட்டும். அரமேயத்தைத் தமிழாக்காமல் பேசட்டும் என்பதே நம் வேண்டுகோள். 'ஆகவே' என்று நிறுத்தும் இடத்தில் அவருக்கு வேறு செய்தி வேண்டுமாயின், ஜார்ஜியாவின் பழைய கோவில்களில் இயேசு கற்பித்த செபம் தொடங்கும் விதத்தைச் சொல்லலாம். 'மாமாவோ ச்வேனோ' என்று அம்மக்கள் தொடங்குகின்றனர். எங்கள் தந்தையே என்பது பொருள். தெருவில் குருவைக் கண்டாலும் 'மாமாவோ' என்றே அழைப்பர். நம்மூர்ச் சிறுவன் ஒருவன் அங்கே போய்க் கேட்டால், சீர்வரிசையோடு வரும் தாய்மாமனைத்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பான்.